ஏழு மில்லிமீட்டர்

டக் ஹாரிகனுக்கு வெட்கம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார். எக்ஸ்ரே அறைக்குள் நோயாளியைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. மனிதர் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டு, சாஸ் விரலில் வழிய, தன் ஆளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

நோலீன் அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். டக் ஊர் ரக்பி அணியின் கோச். கூட வந்த செமிசி, டோங்கா தீவுகளிலிருந்து வந்து இறைச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவன், அணியின் முன்வரிசையில் நின்று முட்டி மோதுகிறவன். போன சனிக்கிழமை ஆட்டத்தில் தலைகுப்புற விழுந்தான். அன்று மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த படத்தில் எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லை. ஆனால் கழுத்தின் உச்சியில் முதல் இரண்டு எலும்புகளையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அறுந்திருந்தால், படுத்தபடி எடுத்த படம் அதைக் காட்டாமலே போகலாம். உட்கார்ந்து, தானாகக் குனிந்து ஒன்று, அண்ணாந்து ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. நார் அறுந்த கழுத்தோடு இன்னொரு முறை மோதினால் கை கால் போகும், மூச்சே நின்றாலும் நிற்கும்.

"குனிய சிரமப்பட்டான்னா நான் பின்னாடி லேசா அமுக்கி விடுறேன்" என்று டக் அந்த சாஸ் கையை செமிசியின் பிடரிக்கு நீட்டினார்.

நோலீன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். அவருடைய பிசுக்கு அவள் கையிலும் ஒட்டியது. "அவனாத்தான் குனியணும். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போங்க."

செமிசி ஒருமுறை கண்ணாடிப் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான். படம் திரையில் வந்ததும் நோலீனுக்குப் புரிந்துவிட்டது. பயல் இடுப்பை வளைத்து உடம்பை முன்னால் சாய்த்திருந்தான். கழுத்து மட்டும் நட்டுவைத்த கம்பம் மாதிரி அப்படியே இருந்தது. காரில் வரும்போதே டக் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்.

படம், அதைப் படித்து முடிவு சொல்லும் டாக்டர் பாஸ்கோவின் கிளினிக் திரைக்குப் போனது. அவர்தான் ரக்பி கிளப்புக்கும் தலைவர். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: கோளாறு இல்லை, ஆடலாம். நோலீன் உடனே போன் செய்து, கழுத்து வளையவே இல்லை, இந்தப் படம் செல்லாது என்றாள். படம் எடுப்பது உன் வேலை, படிப்பது என் வேலை என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

எடுத்தவர் யார் என்று தெரிய, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் விழும்படி அவரவர் பெயரின் ஈய எழுத்தை வைக்க வேண்டும். இந்தப் பொய்யின் மூலையில் அவளுடைய எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. சீ, என்ன பிழைப்பு.

முன் ஆபீசில் ஏதோ கையெழுத்து கேட்கிறார்கள் என்று டக்கை வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு செமிசியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"கை எப்படியிருக்கு?"

கோச்சுதான் தன்னை இந்த ஊருக்கு அழைத்து வந்தவர், நல்ல மனுஷன் என்றான். பிறகு மெல்லச் சொன்னான். "குனிஞ்சா ரெண்டு கையிலயும் கரண்ட் அடிக்குது, மிஸ்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னார்."

திங்கட்கிழமையாம். போட்டி முடிந்த மறுநாள். நோலீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகை அசைக்காமல் தாடையை மட்டும் மெதுவாக இறக்கு, கையில் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடு என்றாள். பாதிகூட இறங்கவில்லை, அவன் விரல்கள் துடித்தன. படம் எடுத்த அடுத்த நொடி தலையைத் தூக்கச் சொல்லி, தன் கையாலேயே கழுத்துப் பட்டையை மாட்டிப் படுக்கவைத்தாள். படத்தில் மேல் எலும்பு முன்னால் நழுவியிருந்தது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாத இடைவெளி ஏழாகியிருந்தது. பாஸ்கோவைக் கேட்காமலே படத்தை நகரத்துத் தண்டுவடப் பிரிவுக்கு அனுப்பினாள். எழுந்து உட்காரவும் விடாதே, அவனைக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் விமானம் வருகிறது என்றார்கள்.

திரும்பி வந்த டக் திரையை உற்றுப் பார்த்தார். "பட்டாணி அளவு இருக்குமா இது? ஒரு ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதா?"

"உங்களுக்குத் தாங்கும். கழுத்து அவனோடதுதானே" என்றாள் நோலீன். இன்னும் என்னென்னவோ சொன்னாள். அம்மா இருந்திருந்தால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள்.

அதற்குள் செமிசியின் தம்பி லாட்டு மாற்றுத் துணியோடு ஓடிவந்தான். பத்தொன்பது வயது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அண்ணனின் தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்திருப்பதைப் பார்த்து அவன் கண் கலங்கியது.

டக் அவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். இறைச்சிக்கூடத்து வாசலில் மாட்டை அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு படுக்கைப் பக்கம் குனிந்து கேட்டார்.

"செமிசி, உன் தம்பி எடை எவ்வளவுடா?"

செமிசியால் தலையைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்தபடியே, "நூத்திப்பதினாலு கிலோ, கோச். என்னைவிட வேகமா ஓடுவான்" என்றான். குரலில் அப்படி ஒரு பெருமை.

லாட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். தாடை நெஞ்சில் படும்படி தலையைக் குனிந்து, கூச்சத்தோடு சிரித்தான்.