நூற்றுப் பதினெட்டாவது நாள்

அந்த நூற்பாலையில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு, எடுக்காமல் சேர்ந்துபோன விடுப்பு நாட்களை நாட்களாகவே கொடுத்துவிடுவார்கள். பணிக்கொடை காசோலையாக வரும். சேமநிதி வங்கிக்குப் போகும். நாட்களை மட்டும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நூல்கோன் அடுக்கும் அட்டைப்பெட்டிகளில், பெட்டிக்கு ஒரு நாளாகப் போட்டு ஒட்டித் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, அந்த நாளில் இருந்துவிட்டு வரலாம்.

பேக்கிங் பகுதியில் முப்பத்தாறு வருடம் பெட்டி எண்ணிய தவசிலிங்கத்துக்கு நூற்றுப் பதினேழு நாட்கள் வந்தன. அவர் தன் டைரியைப் பிரித்துப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. பெட்டிகளை இன்னொரு முறை எண்ணினார். நூற்றுப் பதினேழுதான்.

அதே மாதம் ஓய்வு பெற்ற உடையார் பின்னால் நின்றிருந்தார். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் லீவு போட்டவர். "உமக்கு வேன் பிடிக்கணும்போலிருக்கு. எனக்கு ஒத்தக் கக்கத்துல அடங்கிரும்" என்றார். தவசிலிங்கம் சிரிக்கவில்லை. எந்த நாள் குறைகிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும்.

1991 செப்டம்பர் 12. மகள் பொன்னரசிக்குக் காது குத்திய நாள்.

அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் லோடு லாரி வந்து நிற்பதாக ஆள் வந்து சொல்லவும், எண்ணி அனுப்பிவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று போனார். கணக்கு மூன்று பெட்டி இடித்தது. அது சரியாகி வீட்டுக்கு வரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி குருவம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் திட்டவில்லை என்பதுதான் இருபத்தெட்டு வருடமாக அவருக்கு விளங்காதது. மகளின் கம்மலைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

டைம் ஆபீஸ் அதிகாரி ஆக்னஸ் அம்மாள் இரண்டு பேரேடுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் அன்று அவர் வேலைக்கு வந்திருந்தார். மற்றதில் விடுப்பில் இருந்தார். இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். வேலைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், விடுப்பில் போனவர் இன்னும் திரும்பவில்லை, அவரும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாளைப் பற்றிப் பேச முடியும். விடுப்பில் போனவருக்கு ஒரு மெமோ அடித்து அனுப்பினார்.

தவசிலிங்கம் வீட்டுக்குப் போய், காதுகுத்துக்கு நான் இருந்தேனா என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க இல்லாம பின்ன? தாய்மாமன் மடியில பிள்ளைய உட்கார வச்சதே நீங்கதான" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

மறுநாள் காலை டைம் ஆபீஸ் பெஞ்சில் விடுப்பில் போனவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, கருகருவென்ற முடி, தீபாவளிக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டை. காலரில் ஒரு துளி சாம்பார். தவசிலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் என்பதா, நீ என்பதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"அழுதாளா?" என்றார் கடைசியில்.

"முதல் காதுக்கு அழல. ரெண்டாவதுக்கு அழுதா. வாசலப் பார்த்துப் பார்த்து அழுதா."

"நீ பக்கத்துல நின்னுமா?"

"பக்கத்துலதான் நின்னேன். ஒரு தடவகூட என்னைய நிமிர்ந்து பார்க்கல."

தவசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மீண்டும் துடைத்தார்.

அவன் ஆக்னஸ் அம்மாளிடம் விவரம் சொன்னான். பந்தி முடிந்ததும் எழுந்துவிட்டானாம். அதற்கு மேல் இருப்பது முறையில்லை என்று பட்டதாம். மத்தியானத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, இத்தனை வருடம் பந்தலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தானாம். அந்த அம்மாள் அதை அரைநாள் என்று எழுதிக்கொண்டார். விடுப்பு முடிந்தும் திரும்பாததற்காக அவனை எச்சரித்தார். பேக்கிங்கில் ஓர் இடம் காலியாகி இருப்பதால் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அவன் சரி என்று சொல்லி, எத்தனை மணிக்குச் சங்கு என்று கேட்டான்.

மீதி அரைநாளைச் சின்னப் பெட்டியில் போட்டுத் தவசிலிங்கத்திடம் கொடுத்தார்கள். இளஞ்சூடாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். இப்போது நூற்றுப் பதினேழரை. டைரியில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

நடத்துநர் வந்து, லக்கேஜா என்று கேட்டார். பெட்டிக்குள்ளிருந்து சின்ன விசும்பல் ஒன்று வந்தது.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"பதினோரு மாசம்."

மூணு வயது வரைக்கும் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டு, அவருக்கு மட்டும் ஒன்று கிழித்தார். காது புண்ணில் காற்று படட்டும், ஜன்னல் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த ஆளிடம் போனார்.