முழங்காலிட்டால் தெரியும் டிவி

1

இந்தக் கதை ஒரு கூச்சத்தில் தொடங்கியது. காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் இயேசுவின் திரு இருதயப் படம். அதற்கு நேர் கீழே, சுவரில் இரும்புச் சட்டம் பதித்து டிவி. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது இவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வியாகுலம் வாத்தியாருக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது, ஆனாலும்..."

(வேண்டாம். சிரிக்கவைத்துவிட்டு அழவைக்கும் தந்திரம் எனக்கே பிடிக்கவில்லை.)

இரண்டாவது: 1990 ஆகஸ்ட். குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டது. வியாகுலம் வாத்தியாரின் மகன் பெனோ அங்கே வேலையில் இருக்கிறான். ஒரு தகவலும் இல்லை. செய்தி பார்க்க டிவி வாங்கினார். பிள்ளைகளை அங்கே அனுப்பிய தெருக்காரர்களும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், அதனால் கொஞ்சம் உயரத்தில், சுவரில் இருக்க வேண்டும். ஆள் வைக்காமல் தானே உளியை எடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

3

கதவும் சன்னலும் இல்லாத சுவர் ஒன்றுதான். அதில் திரு இருதயப் படம் இருந்தது. பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்து வைத்த படத்தை இஷ்டத்துக்கு நகர்த்தக் கூடாது. ஆகவே அதன் கீழே குடைந்து, சட்டத்தைச் செருகி, சிமெண்டு பூசினார். (அன்றே டிவியை ஏற்றியிருந்தால் சட்டத்தோடு விழுந்திருக்கும். காயும்வரை பொறுத்தார் என்று வையுங்கள்.)

டிவி ஏறிய சாயங்காலம்தான் அவர் மனைவி பவுலின் கவனித்தாள். நின்றால் கண்ணுக்கு நேரே படம். முழங்காலிட்டால் டிவி.

"என்னங்க இது, டிவிக்குல்ல முழங்கால் போட்டிருக்கோம். இத முன்னாடியே யோசிக்க மாட்டீகளா?"

"கண்ண மேல தூக்கிக்க. சிமெண்டு இறுகிப் போச்சு, இனிமே பேத்தெடுக்க முடியாது."

பவுலின் கண்ணை மேலே தூக்கிக்கொண்டாள். (இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறவளா? அவளை வெறும் பக்திக்காரியாக எழுதிவிட்டேனோ என்று...)

4

சில வாரம் கழித்து. குவைத்திலிருந்து தப்பி, நாடு திரும்ப ஜோர்டானில் காத்துக்கிடக்கும் கூட்டத்தைச் செய்தியில் காட்டினார்கள். செபநேரமும் வந்துவிட்டது. வியாகுலம் டிவியை நிறுத்தப் போனார்.

"அணைக்காதீக," என்றாள் பவுலின். "சத்தத்த மட்டும் கொறைங்க."

இந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

செபமாலை உருண்டது. திரையில் தலையில் பெட்டியோடு ஒருவன் போகிறான். முதுகு மட்டும் தெரிகிறது. பெனோவின் சட்டை மாதிரி இருக்கிறது. (எந்தச் சட்டை? பவுலினுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.) அவள் செபத்தைப் பாதியில் விட்டாள்.

"திரும்புய்யா. ஒருக்கா இங்குட்டுத் திரும்பு."

அவனைத் திருப்ப எனக்கு ஒரு வரி போதும். பெனோ என்று எழுதினால் நான் பொய்யன். வேறு ஆள் என்று எழுதினால் அவள் முகத்தை நான் பார்த்தாக வேண்டும். எனக்குத் தைரியமில்லை, பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் திருப்புங்கள். சீக்கிரம், அவள் இன்னும் முழங்காலில்தான் இருக்கிறாள்.