பாடும் படமும் துடைப்பக் கம்பியும்

ஈசா டாலிவரின் புகைப்படம் பாடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மெம்ஃபிஸ் நகரத்தில் படம் கழுவும் இருட்டறையில், மருந்துத் தட்டில் அவருடைய முகம் தெளிந்துகொண்டிருந்தபோது. படமெடுத்த கிளாரா வைஸ் முதலில் வானொலியை அணைக்கப் போனாள். அது அணைந்துதான் இருந்தது. நெகட்டிவைத் தூக்கிப் பிடித்தாள். அது அதே பாட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பாடியது.

அதற்குச் சில நாள் முன்புதான் மிசிசிப்பியின் பருத்தி வயல்களைப் படமெடுக்க அவள் வந்திருந்தாள். எங்கள் ஸ்வீட்கம் ஊரில், தேவாலய வாசலில் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்த மூப்பரிடம் பெயர் கேட்டாள். பதிலைக் கேட்டதும், அவர் செத்துவிட்டதாக அல்லவா சொல்கிறார்கள் என்றாள். ஒரே ஒரு ப்ளூஸ் இசைத்தட்டோடு செத்துப்போனார் என்று நகரம் நம்பிய ஈசா அவர்தான். “செத்துட்டேன்னா சொல்றாங்க? அப்போ இந்தப் பழத்தை யாரும்மா தின்னுக்கிட்டிருக்கா?” என்றார். கிதாரைத் தொட மட்டும் மறுத்துவிட்டார். மகள் பெர்ல் சிறுவயதில் காய்ச்சலில் இறந்த சனிக்கிழமையன்று, அவர் எங்கோ ஒரு சாராயக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்தார். இனி ப்ளூஸ் வாசித்தால் வீட்டில் இருக்கமாட்டேன் என்று மனைவி லூவீனியா குழிமேட்டில் சொன்னாள். இருபத்தேழு வருஷமாக அவர் அந்தச் சொல்லை மீறவில்லை. ஆகவே முழங்காலில் வெறுங்கையை வைத்து உட்கார்ந்திருந்தவரைத்தான் கிளாரா படமெடுத்தாள்.

சிகாகோ பத்திரிகை ஒன்று படத்தை அட்டையில் போடக் கேட்டது. உடையவரைக் கேட்காமல் பாட்டைக் கொடுப்பது சரியில்லை என்று கிளாரா அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். பயணிகள் வழியெல்லாம் காலால் தாளம் போட்டார்கள். ஓட்டுநர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

ஈசாவின் வீட்டுக்குள் படம் பாடியதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். “லூவி, சத்தியமா நான் வாசிக்கல.”

“வாயை மூடு. கேக்க விடு.”

அது இசைத்தட்டில் இருந்த பாட்டு இல்லை. எந்தக் கொட்டகையிலும் யாரும் கேட்டிராதது. பெர்ல் கோழிக்குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிவந்தது, மோரில் ரொட்டியைப் பிட்டுப்போட்டுச் சாப்பிட்டது, அப்பாவின் செருப்பில் நடக்கப் பழகியது, எல்லாம் அதில் இருந்தன.

“இத்தனை வருஷமா இதை உள்ள வச்சுக்கிட்டா என் பக்கத்துல ஜெபம் பண்ணிட்டிருந்தே?”

“உனக்கு வலிக்குமேன்னு...”

“எனக்கு மட்டுந்தான் வலிக்குதுன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றாள் லூவீனியா.

கட்டிலுக்கடியில் இருந்த கிதாரைக் கரையான் தின்றிருந்தது. அவள் உள்ளே போய்ப் புதுத் துடைப்பத்தை எடுத்து, அதைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் வாசிப்பது அதில்தான். சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டினால் போதும், ஒற்றைத் தந்தி வாத்தியம் ஆகிவிடும்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி கட்டி முடி. பெர்லுக்கும் கேக்கட்டும்.”

அவர் வாசித்தார், படம் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டது. கிளாரா அங்கேயே விட்டுப்போன அந்தப் படத்தை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கும் கொண்டுவருகிறார்கள். பிரசங்க நேரத்தில் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கும்படி போதகர் கேட்டுக்கொண்டார். மற்றபடி கர்த்தருக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. லூவீனியா கம்பியில்லாத துடைப்பத்தால்தான் பெருக்குகிறாள். பெருக்கிய இடமெல்லாம் ஈர்க்கு உதிர்கிறது. பாட்டு முடிந்ததும் ஈசா குனிந்து அவற்றைப் பொறுக்குகிறார்.