இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி

…இடதா வலதா, எது முதலில், நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் வாசற்படியில் நின்று தன் கழுத்தைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டிய விஷயமா இது, ஆனாலும் வாகீசன் பார்த்தான், கண்ணை மூடி, முன்னால் ஒரு வீதி கிடப்பதாக நினைத்துக்கொண்டு கழுத்தை அதன் போக்கில் விட்டான், அது நேரே வலது பக்கம் போனது. போச்சு. கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல், வரி கட்டி, வாக்குப் போட்டு, ஹொக்கி பார்த்துக் கத்தவும் பழகி, உடம்பு முழுக்கக் குடியுரிமை எடுத்துவிட்டது, கழுத்து மட்டும் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அங்கே, ஊரில், வாகனம் முதலில் வலப்பக்கத்தால் வரும், அதனால் வலது, இடது, திரும்ப வலது. இங்கே இடிக்க வருவது இடப்பக்கத்தால். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு காலையும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வழியில் இருக்கிற சின்ன வீதியைக் கடந்தானே, அவன் கழுத்து திரும்பிய பக்கம்தானே அட்சயாவின் கழுத்தும் பழகியிருக்கும்? இதை நேற்றிரவு பல் தீட்டும்போதா கண்டுபிடிக்கவேண்டும்? இன்றைக்குத்தான் அவள் கையை விட்டுத் தனியாகக் கடக்கப்போகிற முதல் நாள். காலையில் சொல்லிப் பார்த்தான், அட்சயா, கடக்கேக்க முதல்ல இடது பக்கம்… வசனம் முடியவில்லை, “தெரியுமப்பா” என்றுவிட்டாள், பத்து வயதுக்காரி ‘தெரியும்’ என்றால் பேச்சை நிறுத்தவும் என்று பொருள், அதற்கு மேல் அப்பீல் இல்லை.

ஒப்பந்தம் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் எழுதப்படாமல் கைச்சாத்தானது. “நான் தனிய நடக்கப்போறன், நீங்கள் பின்னால வரலாம், ரெண்டு லாம்ப் போஸ்ற் தள்ளி. ப்ராமிஸ்?” இரண்டு கம்பமா, ஒரு கம்பத்துக்குக் குறைக்கமுடியாதா என்று அவன் பேரம் பேசினான், மனைவி சிவானி சோற்றைக் குழைத்தபடியே “பிள்ளை பயப்பிடேல்ல, நீங்கள்தான் பயப்பிடுறீங்கள்” என்றாள், கதை முடிந்தது. சிவானியோடு வாதாடலாம், ஆனால் விடிய முன்னமே எழும்பி ஒஷாவாவில் முதியோர் இல்ல வேலைக்குக் கார் ஓடுகிற மனுசியோடு எந்த முகத்தோடு வாதாடுவது… இப்போது அட்சயா முன்னால் போகிறாள், ஊதா ஜக்கற், சிப் திறந்து கிடக்கிறது, சிப்பைப் பூட்டு என்று கத்தினால் ஒப்பந்த மீறல், அவன் தன் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினான், தகப்பனின் சூடு காற்றில் போய்ச் சேரும் என்பதுபோல. மல்வேர்ன் பகுதி முழுக்க மேப்பிள் இலை, கார்க் கண்ணாடிகளில் வெள்ளைப் பனி, அதை ஆள் ஆளாகச் சுரண்டுகிற சத்தம், இந்தக் காலத்துக்கென்று சிவானி ஒரு திட்டமே வைத்திருக்கிறாள், சாப்பிடும்போது ஃபோன்களெல்லாம் பழைய பிஸ்கற் தகர ரின்னுக்குள், நேரத்துக்கு நித்திரை, மத்தியானப் பெட்டியில் அப்பிள், பள்ளிக்கூடத்துக்கு நடை. நிறைவேற்றும் பொறுப்பு வாகீசனுக்கு. ரின்னுக்குள் கைவிட்டு முதலில் பிடிபட்டது யார்? வாகீசன். மகளைக் கதை சொல்லி நித்திரையாக்கப் போய் நடுக்கதையில் குறட்டை விட்டது? அவனேதான், மிச்சக் கதையை அவள் தானாகவே முடித்துக்கொண்டாளாம், நரி கடைசியில் பல் பிடுங்குகிற டென்ரிஸ்ற் ஆகிறதாம். திரும்பி வருகிற அப்பிளைக் கறுத்த பக்கம் பார்க்காமல் தின்பதும் அவன்தான், அதனால் வீட்டில் ஒருவருக்காவது அந்தத் திட்டம் வேலை செய்கிறது. நடை மட்டும் சறுக்கவில்லை. டொக்டர்கூடச் சொன்னார், இரத்தத்தில் சீனி எல்லையில் வந்து நிற்கிறது, மருந்து இப்போது வேண்டாம், நடவுங்கோ, இடையில் நிற்காமல் நடவுங்கோ, அட்சயா அப்போது அந்த அறையில் சில்லு வைத்த ஸ்ரூலில் சுற்றிக்கொண்டிருந்தாள், கேட்டிருக்கமாட்டாள், பிள்ளைகள் என்னத்தைக் கேட்கிறார்கள்… அவள் இப்போது மூலை வீட்டைத் தாண்டுகிறாள், அடுத்தது அந்தச் சின்ன வீதியின் கடவை, கொஞ்சம் எட்டி நட வாகீசா, அவள் கழுத்தைப் பார்த்துவிட்டால் போதும், இடது பக்கம் போனால் ஒரு கோப்பியோடு வீட்டுக்குப் போகலாம், வலது பக்கம் போனால், கடவுளே, வலது பக்கம் போனால் கத்தத்தான் வேண்டும், ஒப்பந்தம் கிழிந்தாலும் பரவாயில்லை.

“என்ன தம்பி, பிள்ளை முன்னால போக நீர் பூனை மாதிரிப் பின்னால போறீர், சண்டையோ?” மூலை வீட்டுக் கிறிஸ்துநாயகம் அங்கிள், கையில் இலை வாரும் தடி. இல்லை அங்கிள், தனிய நடக்கப் பழகிறா. “ஆர், அவவோ நீரோ?” நின்று சிரிக்க இதுவா நேரம், ஆனால் எழுபது வயது மனிதரைத் தாண்டி ஓடுவது எப்படி, அந்த மரியாதையும் கழுத்தோடு சேர்ந்தே வந்தது, இறக்கிவைக்க இடமில்லை. “உந்தப் பையை ஒருக்காப் பிடியும், காத்துக்கு வாய் மூடிப்போகுது. என்ர வளவில நிக்கிறது ஒரு மரம், இலை மூண்டு மரத்து இலை, எல்லாரும் எனக்கெல்லோ அனுப்பினம்.” பிடித்தான். அந்தப் பழுப்புக் கடதாசிப் பை ஒரு பிள்ளையின் உயரம், அதற்குள் அவர் ஈர இலையைக் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்து போடப்போட அவன் முகத்துக்கு நேரே மேப்பிள் வாசனை, சேற்று வாசனை, தெரு தெரியவில்லை. கழுத்தை ஒருபக்கம் நீட்டினால் அங்கிளின் தொப்பி. மறுபக்கம் நீட்டினால் அங்கிளின் தடி. இன்னும் ஒரு கட்டு, இன்னும் ஒரேயொரு கட்டு… ஒரு தகப்பனின் முழு இரவுக் கவலையும் ஒரு பை இலையால் மறைபடுமென்றால் அவனெல்லாம் என்ன காவல்? அங்கிள் நான் வாறன், பிறகு வாறன் என்று பையை அவர் நெஞ்சில் சாத்திவிட்டுத் திரும்பினால் கடவையில் ஒருவரும் இல்லை, அப்பால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று மற்ற நிறங்களோடு கலந்துகொண்டிருந்தது. கடந்துவிட்டாள். முழுதாகக் கடந்துவிட்டாள், நல்லது, ஆனால் எந்தப் பக்கம் பார்த்துக் கடந்தாள்? இன்றைக்கு வாகனம் வரவில்லை, நாளைக்கு? கிட்டத்தட்ட ஓடினான், கடவைக்கு வந்தான், கழுத்து வலது பக்கம் போனது, காலும் இறங்கியது, இடது பக்கத்தில் ஒரு வெள்ளை வான் எப்போதோ வந்து நின்று, ஓட்டுகிறவர் பொறுமையாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார், போ ராசா போ என்பதுபோல.

அதை முழுவதும் பார்த்துக்கொண்டு, பெரிய வீதியின் முனையில், மஞ்சள் மேலங்கியும் ‘ஸ்ரொப்’ பலகையுமாக நின்றாள் கமலாம்பிகை அன்ரி, பிள்ளைகளை வீதி கடத்திவிடுகிற வேலை, அவளுடைய கண்ணுக்குத் தப்பி அந்தப் பகுதியில் ஒரு அணில்கூடக் கடக்காது. “வாரும் தம்பி, உம்மட மேடம் உள்ளுக்குப் போயிட்டா.” மூச்சு வாங்கியபடி கேட்டான், அன்ரி, அவ அந்தச் சின்ன ரோட்டைக் கடக்கேக்க பாத்தனீங்களோ? “பாக்காமல்? உதுக்குத்தானே சம்பளம் தாறாங்கள்.” முதல்ல எந்தப் பக்கம் பாத்தவ? அன்ரி அவனை ஒருமாதிரிப் பார்த்தாள், சரி, இவனுக்கு இன்றைக்கு இது தெரியாமல் விடியாது என்று விளங்கியிருக்கவேண்டும், அட்சயா நின்ற மாதிரியே திரும்பி நின்று பலகையை இடது பக்கம் சாய்த்தாள். “முதல் உங்கால. பிறகு இங்கால. நீர்தான் எப்பவும் மாறிப் பாக்கிறனீர், இவ்வளவு நாளும் நான் பாக்கிறன்தானே, நீர் ஒரு பக்கம், அவ மற்றப் பக்கம், தகப்பனும் மகளும் பங்கு போட்டு ரோட்டைப் பாக்கினம் எண்டு நினைச்சனான்.” அப்படியென்றால் அவளுக்குத் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும், அப்பாவின் கழுத்து பிழையென்று தெரிந்து, ஒரு சொல் சொல்லாமல், அந்தப் பக்கத்தைத் தான் பார்த்துக்கொண்டாள்… அப்ப மூண்டாந்தரம்? மூண்டாந்தரமும் முதல் பாத்த பக்கம்தானே? “மூண்டாந்தரம் பின்னால.” பின்னாலயோ? “உம்மைத்தான். நீர் உந்தக் கிறிஸ்துநாயகத்துக்குப் பை பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். என்னட்ட வந்து, ‘அப்பா நிண்டிட்டார் அன்ரி, அவர் நிக்கக்கூடாது, டொக்டர் நடக்கச் சொன்னவர்’ எண்டு ஒரே புறுபுறுப்பு. கூடப் படிக்கிற நற்றாஷாவின்ர தாய் தங்கட காரில வரச்சொல்லிக் கேட்டவவாம், மாட்டன் எண்டிட்டாளாம், தான் காரில போனா அப்பா நடக்கமாட்டாராம். நீர் வெளிக்கிடுமட்டும் இதில நிக்கிறன் எண்டு நிண்டவ, மணி அடிக்கப்போகுதெண்டு நான்தான் துரத்திவிட்டனான்.”

தாங்ஸ் அன்ரி என்றான், நின்றால் கண்ணில் ஏதாவது வரும், அதோடு நிற்கக்கூடாதாமே, நடந்தான். யார் யாரை நடத்திக்கொண்டு போனது, இரண்டு கம்பம் என்று அவள் சொன்னது அவன் எட்டவே நிற்கவேண்டும் என்றா, திரும்பிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் வரவேண்டும் என்றா… சரி, அது போகட்டும், மூன்றாவது பார்வை பிழை, சுத்தப் பிழை, இடது, வலது, திரும்ப இடது, பின்னால் திரும்புகிற அந்த நேரத்தில்தான் வெள்ளை வான் வரும். இன்றைக்கு இரவு ஃபோன்கள் ரின்னுக்குள் போனவுடனே சொல்லவேண்டும், மூன்றாவது பார்வையும் ரோட்டுக்குத்தான் பிள்ளை, அப்பாவுக்கு இல்லை என்று, கட்டாயம் சொல்லவேண்டும், சொன்னால் அவள் “தெரியுமப்பா” என்பாள், திருத்திக்கொள்வாள், கெட்டிக்காரி, ஒரே நாளில் திருத்திக்கொள்வாள், பிறகு பின்னால் திரும்பமாட்டாள், அதுதான்…