கல்வத்தில் போன பச்சை

தங்கை சாந்தாவுக்கு ரவிக்கை அளவெடுக்கத் திருமானூர் போயிருந்தேன். திரும்பும்போது, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினோம். உடையார்பாளையம் வந்து வீட்டுக்குள் நுழைந்தால், என் கணவர் அமிர்தலிங்கம் மருந்துக் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் தகர டப்பா காலியாகக் கிடந்தது.

அதில் இருந்தவை பொன்வண்டின் இறக்கை ஓடுகள். மழைக்காலத்தில் கொடுக்காப்புளி மரங்களுக்கு அடியில் செத்துக் கிடக்கும் வண்டுகளிலிருந்து இரண்டு வருஷமாகச் சேர்த்தேன். ஆவியில் சற்று வாட்டினால் ஊசி இறங்கும். சாந்தாவின் கல்யாண ரவிக்கையில் கழுத்தைச் சுற்றியும் இரண்டு கைகளிலும் அவற்றை வைத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தை மாதம் கல்யாணம். இப்போது மார்கழி பாதி. இனி ஒரு வண்டும் அகப்படாது.

யுத்தம் வந்ததிலிருந்து அரியலூர்க் கடைகளில் பச்சைச் சாயம் வருவதில்லை, கரைக்குப் பச்சை நூல் இல்லாமல் தறியில் ஒரு பட்டுச்சேலை நிற்கிறது, டப்பாவில் இவ்வளவு பச்சை சும்மா கிடக்கிறதே என்று தோன்றியது என்றார் அவர். கேட்டால் நான் கொடுத்திருக்க மாட்டேனாம். அது வாஸ்தவம்.

கல்வத்தில் பச்சை இல்லை. மூக்குப்பொடி மாதிரி பழுப்பாக ஒரு தூள். படிகாரம் போட்டார், பழுப்பு. புளித்தண்ணீர் விட்டார், பழுப்பு. நூலை முக்கி எடுத்தார், அழுக்கு நூல் வந்தது. இன்னும் மைய அரைத்தால் நிறம் இறங்கும் என்று மறுநாளும் அரைத்தார். மூன்றாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தார். காரணம் நான்.

"நெழல்ல காயவச்சிருக்கே. வெயில்ல போட்டிருந்தா சாயம் நின்னிருக்கும்டி."

கல்வத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த அரைபடாத சில்லு ஒன்றை எடுத்தேன். நேரே பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம். குழவிக்கு அடியில் வைத்து நசுக்கினேன். பழுப்பு.

"மயில்கழுத்துச் சேலை நெய்யறீங்களே, நீலப் பாவு, பச்சை ஊடை. ரெண்டும் பின்னிக் கெடக்கிற வரைக்கும்தானே அந்த மினுக்கு? பிரிச்சுப் போட்டா மயில்கழுத்து எங்கங்க இருக்கு? இந்த ஓட்டுக்குள்ளயும் அப்படி ஏதோ அடுக்கு இருக்கு. அதைத்தான் இடிச்சுட்டீங்க."

"அது நெசவு. பூச்சிக்குத் தறி ஏதுடி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அடுத்த தறிக்காரர் மாயவனையும் கூப்பிட்டு, வீட்டில் நெசவுப் பள்ளிக்கூடம் நடக்கிறது, சேர்ந்துகொள் என்றார். அவரும் சிரித்தார். பச்சைச் சாயம் கைவசம் இருக்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கல்வத்தைக் கொல்லைக்கு எடுத்துப்போய் மாவுச் சல்லடையில் சலித்தேன். ஊசி தாங்குகிற சில்லுகள் இருபத்து மூன்று தேறின. ரவிக்கையின் முன்கழுத்துக்கே போதவில்லை. கைகள் வெறும் துணியாக நின்றன.

வண்டு கிடைக்கவில்லை என்று சாந்தாவுக்கு ஒரு கார்டு போட்டுவிடு, நம்பிவிடுவாள் என்றார் அவர். அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்துக் கிழித்தேன். இன்னொரு கார்டில், "இறக்கை எல்லாம் இருந்தது, அத்தான் அரைத்துவிட்டார்" என்று எழுதி, அவர் தறிக்குழியில் இறங்கியதும் நானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.