அலியாரின் குறி

1953ஆம் ஆண்டு மாரியில், கிண்ணியா வயல்வெளியில் ஒரு கீழ்த்தாடையும் ஒரு பின்னங்கால் எலும்பும் நெல் வேளாண்மையைத் தின்னத் தொடங்கின. தாடை ஆட்டுயரத்தில் அசையும், நெற்பயிர் அறுபடும், பிறகு காணாமற்போகும். முந்திய ஆண்டு கிணறு வெட்டும்போது அவற்றைக் கண்டெடுத்தவர் அலியார். பார்க்க வந்த கொழும்பு ஆராய்ச்சியாளர், இது இலைதழை தின்ற சிறிய டைனோசர், உலகத்திலேயே இதில் மிஞ்சியது இவ்வளவுதான், லொறியோடு வந்து எடுத்துப்போகிறேன் என்றார், போனவர் போனவர்தான். அதே மாதம் வள்ளம் கவிழ்ந்து அலியார் கடலோடு போனார். அவரில் மிஞ்சியது ஒரு தொப்பி. மனைவி மைமூனா தொப்பியையும் எலும்புகளையும் ஒரே அலுமாரியில் வைத்திருந்தார். அடுத்த மாரி தொடங்கியதும் எலும்புகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போயின.

வயற்காவலுக்குப் பொறுப்பான வட்டை விதானை ஸஹாப்தீன் முறை தவறாத மனிதர். சூட்டுக்குறி உள்ள மாடு பயிரில் மேய்ந்தால் உரியவரைக் கூப்பிட்டு ஒப்படைப்பார். குறி இல்லாதது ஊருக்குச் சொந்தம்.

"குறியில்லாத சீவன். நாளைக்குத் துவக்கால வெடி வைப்பம்," என்றார்.

"குறிதானே வேணும்? இப்பவே சுடுறன்," என்றார் மைமூனா.

அலியாரின் பழைய குறிக்கம்பியைக் காய்ச்சி, தாடைக்கும் காலுக்கும் நடுவே வெறுங்காற்றைத் தடவினார். வெதுவெதுப்பான விலா ஒன்று கையில் பட்டது. கம்பியை வைத்தார். தோல் கருகி மணத்தது. 'அ' என்ற எழுத்து அந்தரத்தில் நின்று நடுங்கியது. ஸஹாப்தீன் கிட்ட வந்து பார்த்து, குறி சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டு வருடம் அது பாலும் தரவில்லை, குட்டியும் போடவில்லை. 1964 சூறாவளியன்று குசினி அடுப்பருகே மைமூனாவின் காலடியில் படுத்திருந்தது. 1971இல் கொழும்புக்கு நினைவு வந்து, ஆட்கள் ஜீப்பில் வந்து எலும்புகளை வைக்கோல் பெட்டியில் அடைத்தார்கள். அடக்கம் செய்ய மையத்துக் கிடைக்காததால் அலியாருக்கு அழ வாய்க்காத மைமூனா, துறையடியில் நின்று வாய்விட்டு அழுதார். "அவரத்தான் கடல் தரல்ல. இதையுமா கொண்டு போறீங்க?" பார்த்து நின்ற ஊரார் எங்களுக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. பெட்டி போய்விட்டது.

மறுநாள் காலை ஸஹாப்தீன் படலையில் நின்று கூப்பிட்டார். "மைமூனா, உங்கட சீவன் எங்கட வயலுக்க நிக்குது. வந்து கொண்டு போங்க."

பயிருக்கு மேலே 'அ' மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தாடை இல்லாமல் எப்படித் தின்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரம்போரம் முழுக்கப் பயிர் போயிருந்தது. வேலியை ஒழுங்காகக் கட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அலியாரின் குறி முன்னே நடக்க மைமூனா வீட்டுக்கு வந்தார். 1982இல் கண்மூடும் வரைக்கும் கட்டவில்லை.