காலுறைக்குள் என்ன நிறம்?

1

இந்தக் கதை என்னுடையதல்ல, பக்கத்து வீட்டு நோர்லேலாவுடையது. அவர் செவிலியர்; மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில், செவிலியரை 'மிசி' என்றுதான் கூப்பிடுவோம். பிரசவமான வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து வருவது மிசியின் வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடியே அவர் சொன்னார். இந்தப் பக்கம் நின்று நான் திருடினேன். கேட்டுத்தான் திருடினேன்.

"எழுதிக்கோங்க. ஆனா அந்த ஹஃபிஸுலை முட்டாளாக்கிடாதீங்க."

முதல் வரி இப்படி வந்தது: கொட்டும் மழையில், உயிரைப் பணயம் வைத்து, மிசி...

(அன்று நல்ல வெயிலாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

ஹஃபிஸுல் லாரி ஓட்டுபவன். மனைவி சூரியானி. பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள். பெற்றவளுக்கு நாற்பத்துநான்கு நாள் பத்தியம்: வாசல் தாண்டக் கூடாது, காற்றுப் படக் கூடாது, உடம்புக்கு மஞ்சள் பூச வேண்டும். செய்துவிட வீட்டில் வேறு பெண்கள் இல்லை. எனவே விடுப்பு எடுத்து, கைப்பேசியில் வீடியோ பார்த்து, மஞ்சளை அவனே இடித்தான். வீடியோவில் ஒரு கரண்டி என்றார்கள். அன்பு மிகுந்து அவன் ஒரு கிண்ணம் அரைத்தான்.

தாய்மேல் பூசியது தாயோடு நிற்குமா? மடியில் கிடந்த பிள்ளைமேலும் ஏறிவிட்டது.

"என்ன தம்பி, பிள்ளை இவ்வளவு மஞ்சளா இருக்கா?" என்றார் மிசி.

"அது என் கைவேலை மிசி!"

"என்னையும் பாருங்க மிசி. எண்ணெய்ல போட்டுப் பொரிக்கறது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் சூரியானி.

மிசி ஈரத்துணியால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தார். துணி மஞ்சளானது. மூவரும் சிரித்தார்கள்.

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு பக்கச் சிரிப்புக் கதை. பத்திரிகைக்கு அதுவே போதும். ஆனால் மிசி கிளம்பவில்லையே, நான் எப்படிக் கிளம்புவது?

3

ஈரத்துணி பட்டும் பிள்ளை அழவில்லை.

"பால் எப்படிக் குடிக்கறா?"

"ரெண்டு உறிஞ்சல், உடனே தூங்கிடுவா. சமர்த்துப் பொண்ணு," என்றான் ஹஃபிஸுல் பெருமையாக.

மிசிக்கு அந்தச் சமர்த்து பிடிக்கவில்லை. பிள்ளையின் காலுறையைக் கழற்றினார். (பத்தியக்காரர்கள் பிள்ளைக்குக் காலுறையும் கையுறையும் போட்டே வைப்பார்கள். கதையே அதில்தான் இருக்கிறது, அதனால்தான் அடைப்புக்குறிக்குள் ஒளித்தேன்.)

காலுறையின் உட்புறம் வெள்ளை வெளேர். ஒரு கறை இல்லை. பாதம் மட்டும் மஞ்சள்.

"இது நீ இடிச்ச மஞ்சள் இல்ல தம்பி. காமாலை, பாதம் வரைக்கும் இறங்கிடுச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரொம்ப ஏறினா மூளையைத் தொட்டுடும்."

"அஞ்சாம் நாளே வெளிய போனா இவளுக்குக் காத்து ஏறிடுமே மிசி..."

இந்த இடத்தில் அவன் வாசலை மறித்துக் கத்தினான் என்று எழுதியிருந்தேன். வேலியோரம் வாசித்துக் காட்டினேன்.

"கத்தலையே! தரையில உக்காந்து அழுதான்," என்றார் மிசி. "'நான் பூசினதுதானே இதை மறைச்சது?'ன்னு கேட்டான். காலுறைதான் பாதத்துல மஞ்சள் படாம காத்துக் காமாலையைக் காட்டிக்கொடுத்துச்சு, அதுவும் நீ போட்டதுதான்னு சொன்னேன்."

எனவே வில்லன் வேலையிலிருந்து அவனை நீக்கிவிட்டேன். ஒரு நிமிடம் அழுதான். பிறகு எழுந்து, கொதிக்கிற வெயிலில் மனைவிக்கு இரண்டு கம்பளிச்சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றினான்.

"அபாங், ஆஸ்பத்திரிக்குப் போறோமா, பனிமலைக்கா?" என்று கணவனைக் கேட்டுக்கொண்டே அவள் வண்டியில் ஏறினாள்.

4

ஆஸ்பத்திரியில் மூன்று நாள், காமாலையை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்து பிள்ளை வீடு வந்தாள். விளக்கை எடுத்தபின் காமாலை மறுபடி ஏறுவதும் உண்டு. ஏறினால் மறுபடி ஆஸ்பத்திரி. அதைப் பார்க்கத்தான் இரண்டு நாள் கழித்து மிசி போனார்.

முடிவு இரண்டு எழுதினேன். இரண்டும் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும். மிசி சொன்னதை மட்டும் தருகிறேன்: வண்டியை நிறுத்துமுன்பே தெருமுனை வரை பிள்ளையின் அலறல் கேட்டதாம். வெளிச்சத்தில், மஞ்சள் இல்லாத கைகளில் அவளை ஏந்தி ஹஃபிஸுல் வாசலில் நின்றானாம்.

"காலுறையை இன்னும் கழட்டல மிசி. என்னால முடியல. நீங்களே கழட்டுங்க."

என்னாலும் முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே கழற்றுங்கள். காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உதைக்கிறாள்.